கருவாக்கம்: ஒரு மழைத்துளியின் தொடக்கம்

2014ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முழுவதும் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவான மழையின் அளவு 0.2 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீருக்குச் சமம். அப்படியானால், அந்த மாதம் முழுவதும் ஒரு சதுர மீட்டர் நிலத்திற்குக் கிடைத்தது ஒரு குவளை நீர் மட்டுமே. 1869ஆம் ஆண்டு முதல் உள்ள பதிவுகளில் அதுவரை அத்தகைய வறண்ட மாதம் ஒன்றைச் சிங்கப்பூர் கண்டதில்லை.

அதே நிலையத்தில் 2025ஆம் ஆண்டு ஜனவரி 10, 11 ஆகிய இரண்டு நாள்களில் மட்டும் 255.3 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஜனவரி மாதம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம்.

சாங்கி, நம் தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் கடல். ஆண்டு முழுவதும் வெப்பம் உண்டு. கடல்நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இருந்தும் ஒரு மாதம் ஒரு குவளை மழை. மற்றொரு மாதம் இரண்டே நாளில் வெள்ளம். நீராவி எப்போது துளியாகிறது? துளி எப்போது மழையாகிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது நாம் முதலில் சந்திக்கும் அறிவியல் சொல் ‘கருவாக்கம்’.

சொல்லின் பொருள்

கரு, ஆக்கம் என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்து ‘கருவாக்கம்’ ஆகிறது. இடையில் தோன்றும் வகரம் உடம்படுமெய். ‘உருவாக்கம்’ என்னும் சொல்லும் இப்படித்தான் அமைந்தது.

‘கரு’ நமக்குப் பழக்கமான சொல். தாயின் வயிற்றில் வளர்வது கரு. முட்டையின் நடுவே இருப்பது மஞ்சள் கரு. கோயிலின் உள்ளே இறைவன் உறையும் இடம் கருவறை. ஒரு கதை எதைச் சுற்றி எழுதப்பட்டதோ அதைக் கதையின் கரு என்கிறோம். இவற்றுக்கெல்லாம் பொதுவாக இரண்டு கருத்துகள் உண்டு: கரு உள்ளே இருப்பது, கருவிலிருந்து வேறொன்று வளர்வது.

அறிவியலில் இச்சொல் பல இடங்களில் பயன்படுகிறது. உயிரணுவின் நடுவே இருக்கும் பகுதிக்கு ‘உட்கரு’ என்று பெயர். ராபர்ட் பிரவுன் என்னும் தாவரவியல் அறிஞர் 1831ஆம் ஆண்டு தாவர உயிரணுக்களில் அதைக் கண்டு பெயரிட்டார். அணுவின் மையத்தில் இருப்பது ‘அணுக்கரு’. 1911ஆம் ஆண்டு எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு அதைப் பற்றி உலகிற்கு அறிவித்தார்.

கருவாக்கம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஒரு பொருள் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும்போது, புதிய நிலையின் முதல் சிறு துணுக்கு தோன்றுவதே கருவாக்கம். நீராவியில் தோன்றும் முதல் நீர்த்துளி, குளிர்ந்த நீரில் தோன்றும் முதல் பனிக்கட்டித் துணுக்கு, சர்க்கரைப் பாகில் தோன்றும் முதல் படிகம், கொதிக்கும் நீரில் தோன்றும் முதல் குமிழி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கரு. அந்தக் கரு தோன்றிய பிறகு நடப்பது வளர்ச்சி. தோற்றமும் வளர்ச்சியும் இரு வேறு நிகழ்வுகள் என்பதை இச்சொல் நமக்குப் பிரித்துக் காட்டுகிறது.

சிலர் இதனை ‘அணுக்கருவாக்கம்’ என்றும் எழுதுவதுண்டு. அப்படி எழுதினால் அணுவின் மையத்தில் ஏதோ மாற்றம் நிகழ்வதாகப் படிப்பவர் எண்ணிவிடலாம். மேகத்தில் நீராவி துளியாகும்போது எந்த அணுக்கருவும் உண்டாவதில்லை; மாறுவதும் இல்லை. நீர் மூலக்கூறுகள் நெருங்கி வந்து சேர்கின்றன, அவ்வளவே. ஆகவே மேகம், படிகம், குமிழி ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது ‘கருவாக்கம்’ என்று சொல்வதே தெளிவானது.

தூய காற்றில் மூடுபனி இல்லை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் 1880ஆம் ஆண்டுவாக்கில் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். இரண்டு பெரிய கண்ணாடிக் கலன்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் அறையின் சாதாரணக் காற்று. மற்றொன்றில் பஞ்சின் வழியாக வடிகட்டித் தூசு நீக்கிய காற்று. இரண்டுக்குள்ளும் நீராவியைச் செலுத்தினார். சாதாரணக் காற்று இருந்த கலனில் வெண்மையான மூடுபனி நிறைந்தது. தூய காற்று இருந்த கலன் தெளிவாகவே இருந்தது.

இரண்டு கலன்களிலும் நீராவி இருந்தது. ஒன்றில் மட்டும் மூடுபனி உண்டானதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத தூசுதான். நீராவி துளியாவதற்கு அது வந்து படியும் ஒரு பரப்பு தேவை என்பதை இச்சோதனை உணர்த்தியது.

அதே நாட்டைச் சேர்ந்த சி. டி. ஆர். வில்சன், தூசு இல்லாத காற்றிலும் மின்னூட்டம் பெற்ற துகள்களைச் சுற்றி நீர்த்துளிகள் உண்டாகும் என்று கண்டறிந்தார். அதன் அடிப்படையில் அவர் அமைத்த ‘முகிற்கூடம்’ என்னும் கருவி, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் செல்லும் பாதையை நீர்த்துளிகளின் கோடாகக் காட்டியது. அதற்காக 1927ஆம் ஆண்டு அவருக்கு இயற்பியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மேகத்தை அறிய முயன்றவர் அணுவின் உலகைக் காட்டும் கருவியைத் தந்தார்.

தொடக்கம் ஏன் கடினமானது?

நீராவி மிகுந்திருந்தால் மூலக்கூறுகள் தாமாகவே சேர்ந்து துளியாகக் கூடாதா? ஆகலாம்; ஆனால் அது மிகக் கடினம்.

பெரிய துளியில் பெரும்பாலான மூலக்கூறுகள் உள்ளே இருக்கும். அவற்றை எல்லாப் பக்கமும் மற்ற மூலக்கூறுகள் பிடித்து வைத்திருக்கும். சில மூலக்கூறுகள் மட்டுமே சேர்ந்த கூட்டத்திலோ ஏறத்தாழ எல்லாமே விளிம்பில் இருக்கும். ஒரு பக்கம்தான் பிடிப்பு; மறுபக்கம் வெறும் காற்று. அதனால் அவை எளிதில் பிரிந்து ஆவியாகிவிடும். கூட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் நிலைமை தலைகீழாகும். பிரிந்து செல்லும் மூலக்கூறுகளைவிட வந்து சேரும் மூலக்கூறுகள் மிகுதியாகும். அந்த எல்லைக்கு ‘மாறுநிலை அளவு’ என்று பெயர். அதற்குக் கீழே இருந்தால் கரைவு. அதற்கு மேலே சென்றால் வளர்ச்சி.

முற்றிலும் தூய காற்றில், வேறு எதன் துணையுமின்றி அந்த எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் காற்றின் ஈரப்பதம் பல நூறு விழுக்காட்டை எட்ட வேண்டும். இயற்கையில் அது நிகழ்வதில்லை. ஒரு தூசோ உப்புத் துகளோ இருந்தால் ஈரப்பதம் 100 விழுக்காட்டைச் சற்றே தாண்டினால் போதும். அந்தத் துகள், மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் தருகிறது. மாறுநிலை அளவை எளிதில் எட்டச் செய்கிறது.

துணைத் துகள் எதுவுமின்றி நிகழ்வதை ‘ஒருபடித்தான கருவாக்கம்’ என்பர். வேறொரு பொருளின் பரப்பில் நிகழ்வது ‘பலபடித்தான கருவாக்கம்’. நாம் அன்றாடம் காண்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

நீர் உறைவதிலும் இதே விதிதான். நீர் 0 பாகை செல்சியசில் உறையும் என்று படித்திருக்கிறோம். மிகத் தூய நுண்துளிகள் அந்த வெப்பநிலையில் உறைவதில்லை. ஏறத்தாழ கழித்தல் 38 பாகை செல்சியஸ் வரை அவை நீராகவே இருக்கக்கூடும். வானில் உயரே உள்ள மேகங்களில் இத்தகைய ‘மீக்குளிர்ந்த’ நீர்த்துளிகள் நிறைய உண்டு.

கற்கண்டும் சோடாவும்

கருவாக்கத்தைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. சமையலறையே போதும்.

கற்கண்டுக் கட்டியை உடைத்தால் அதன் நடுவே நூல் இருப்பதைக் காணலாம். சர்க்கரைப் பாகு உள்ள பாத்திரத்தில் நூல்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பாகில் கரைந்திருக்கும் சர்க்கரை அந்த நூலைப் பற்றிக்கொண்டு படிகமாக வளரும். தமிழ்நாட்டில் பனங்கற்கண்டு செய்பவர்கள் நெடுங்காலமாக இம்முறையைக் கையாண்டு வருகிறார்கள். அவர்கள் ‘பலபடித்தான கருவாக்கம்’ என்று சொன்னதில்லை. ஆனால் நூல் இல்லாமல் கற்கண்டு நன்கு திரளாது என்பதை அறிந்திருந்தார்கள்.

சோடாவைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். சில குறிப்பிட்ட புள்ளிகளிலிருந்து மட்டும் குமிழிகள் வரிசையாக மேலெழும். அந்தப் புள்ளிகளில் நுண்ணிய கீறலோ துணியின் இழையோ இருக்கும். அங்கேதான் குமிழிக்குக் கரு கிடைக்கிறது.

நம் உடலிலும் இது நிகழ்கிறது. சிறுநீரில் உப்புகளின் செறிவு மிகும்போது அவை முதலில் நுண்படிகங்களாகின்றன. அப்படிகங்கள் வளர்ந்தால் சிறுநீரகக் கற்கள். வெப்பமான நம் நாட்டில் போதுமான நீர் அருந்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். செறிவு குறைந்தால் கரு தோன்றும் வாய்ப்பும் குறையும்.

பாலில் சிறிது தயிரை உறை ஊற்றுவதும் கருவாக்கமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு சிறு துணுக்கிலிருந்து பெரியது உண்டாவதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால், உறை மோரில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள். அவை பெருகிப் பாலைத் தயிராக்குகின்றன. அங்கு நிகழ்வது நொதித்தல். தோற்றத்தில் ஒத்திருப்பவை காரணத்திலும் ஒத்திருக்க வேண்டியதில்லை.

சாங்கிக் கடலின் உப்பு

கடலோரத்தில் அலை உடையும்போது நுரை எழுகிறது. நுரையின் குமிழிகள் வெடிக்கும்போது நுண்ணிய நீர்த்திவலைகள் காற்றில் தெறிக்கின்றன. நீர் ஆவியான பின் எஞ்சும் உப்புத் துகள்களைக் காற்று சுமந்து செல்கிறது. மேகத்துளிகளுக்குச் சிறந்த கரு இந்த உப்பு. காரணம், உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சமையல் உப்பு நீர் கோத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் மூடாமல் வைத்த உப்புக் கிண்ணம் கசிவதைப் பார்க்கிறோம் அல்லவா? அதே செயல்தான் வானத்திலும் நடக்கிறது.

உப்பைச் சுற்றி உண்டாகும் மேகத்துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே கீழிறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நாளுக்கும் மேலாகும். அதற்குள் அது ஆவியாகிவிடும். மேகம் கீழே விழாமல் மிதப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். நம் குடையில் விழும் துளியின் விட்டமோ 2 மில்லிமீட்டர் இருக்கலாம். நூறு மடங்கு விட்டம் என்றால் கனஅளவில் பத்து லட்சம் மடங்கு. ஆக, ஒரு மழைத்துளி உருவாகப் பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். வெப்பமண்டல மேகங்களில், பெரிய துளிகள் இறங்கும் வழியில் சிறிய துளிகளோடு மோதி அவற்றைச் சேர்த்துக்கொண்டே வளர்கின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். கரு இருந்தால் மட்டும் மழை பெய்துவிடாது. ஈரமான காற்று வேண்டும். அது மேலெழுந்து குளிர வேண்டும். கரு வேண்டும். துளிகள் மோதிச் சேர வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் மழை இல்லை. சாங்கியில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113.3 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயினும் தீவின் வடக்கு, மேற்குப் பகுதிகளைவிடக் கிழக்குப் பகுதியில் மழை குறைவு. கிழக்கில் கடல் உப்புக்குப் பஞ்சமில்லை. காற்று எங்கே குவிகிறது, எங்கே மேலெழுகிறது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். 2014ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் துகள்கள் இருந்தன. வறண்ட காற்று வீசியதால் மேகம் திரளவில்லை.

கரு மிகுந்தால் மழை மிகுமா?

‘ஒரு துகள் ஒரு துளியைத் தருமென்றால், நிறைய துகள்கள் நிறைய மழையைத் தரும்’ என்று நினைக்கத் தோன்றும். புகைமூட்டம் நமக்கு வேறு பாடத்தைக் கற்பிக்கிறது.

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரின் காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. காட்டுத்தீயிலிருந்து எழும் அத்தகைய புகையில் கோடிக்கணக்கான நுண்துகள்கள் உண்டு. அவற்றுள் பல மேகத்துளிகளுக்குக் கருவாகக்கூடியவை. ஆனால், மேகத்தில் உள்ள நீரின் அளவு கூடுவதில்லை. அதே நீரைப் பல மடங்கு துகள்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. பத்துப் பேருக்கான சோற்றை நூறு பேருக்குப் பரிமாறினால் யாருக்கும் வயிறு நிறையாது. துளிகள் மிகச் சிறியவையாகின்றன. அவை மோதிச் சேர்வது அரிதாகிறது. மழை தாமதமாகிறது அல்லது பெய்யாமல் போகிறது.

1998ஆம் ஆண்டு கலிமந்தானில் காட்டுத்தீ பரவியபோது அங்கிருந்த மேகங்களைச் செயற்கைக்கோள் ஒன்று அளந்தது. புகை சூழ்ந்த மேகங்களில் மழை தடைபட்டதையும், புகை இல்லாத மேகங்களில் மழை பெய்ததையும் டேனியல் ரோசன்ஃபெல்ட் என்னும் அறிவியலாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். தீயை அணைக்க வேண்டிய மழையைத் தீயின் புகையே தடுக்கிறது. நம் வட்டாரம் முழுவதையும் பாதிக்கும் செய்தி இது.

மழையை வரவழைக்க முடியுமா?

1946ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி வின்சென்ட் ஷேஃபர் என்னும் அமெரிக்கர் விமானத்தில் சென்று மேகம் ஒன்றில் உலர்பனிக்கட்டியைத் தூவினார். மீக்குளிர்ந்த துளிகள் பனித்துணுக்குகளாக மாறி விழத் தொடங்கின. அவரோடு பணியாற்றிய பெர்னார்டு வானெகட், வெள்ளி அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதைக் கண்டு அதையும் கருவாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். குளிர்ந்த மேகங்களுக்கு இது பொருந்தும். நம் வட்டாரத்தின் வெப்பமான மேகங்களில் உப்புத் துகள்களைத் தூவுவார்கள். இந்தோனேசியா காட்டுத்தீயை அணைக்க இம்முறையைப் பயன்படுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் 1983ஆம் ஆண்டிலும் பின்னர் 1993-94ஆம் ஆண்டுகளிலும் வறட்சியின்போது மேக விதைப்பு நடந்தது.

‘விதைப்பு’ என்னும் சொல்லே அதன் எல்லையையும் சொல்கிறது. விதையை ஈர நிலத்தில்தான் விதைக்க முடியும்; பாறையில் விதைத்துப் பயனில்லை. மேகமே இல்லாத வானில் எத்தனை துகள்களைத் தூவினாலும் மழை வராது. மேகம் இருந்து, தூவிய பிறகு மழை பெய்தாலும், தூவாமல் விட்டிருந்தால் எவ்வளவு பெய்திருக்கும் என்று அறிவது கடினம். சிங்கப்பூர் போன்ற சிறிய தீவில் மற்றொரு சிக்கலும் உண்டு: இங்கே தூவிய மேகத்தைக் காற்று நகர்த்தி, மழையைக் கடலில் பெய்வித்துவிடலாம்.

வானத்தை மட்டும் நம்பாமல் வேறு வழியையும் நாடு தேடிக்கொண்டது. 2003ஆம் ஆண்டு முதல் புதுநீர் பயன்பாட்டில் உள்ளது. 2010ஆம் ஆண்டு சாங்கி நீர்சுத்திகரிப்பு ஆலையின் கூரைமீதே புதுநீர் ஆலை ஒன்று அமைக்கப்பட்டது. மழை பொய்த்தாலும் பயன்படுத்திய நீர் மீண்டும் குழாய்க்கு வருகிறது.

சொல்லும் சிந்தனையும்

மேகம் நீரைச் சுமப்பதைச் ‘சூல் கொள்ளுதல்’ என்று தமிழர் பழங்காலம் முதலே சொல்லி வந்திருக்கிறார்கள். மார்கழி மாத மேகங்களின் ஓட்டத்தைப் பார்த்து அடுத்த பருவத்தின் மழையைக் கணிக்கும் ‘கர்ப்போட்டம்’ என்னும் வழக்கமும் உழவர்களிடையே உண்டு. மழைக்கு ஒரு கரு உண்டு என்ற எண்ணம் இவற்றிலும் இருக்கிறது. ஆயினும், கர்ப்போட்டத்தில் கரு என்பது ஒரு பருவத்தின் மழைக்கான அறிகுறி. அறிவியலில் கரு என்பது அளந்து பார்க்கக்கூடிய ஒரு நுண்துணுக்கு. சொல் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று கருதிவிடக் கூடாது. பழைய சொல் என்பதால் புதிய பொருளுக்கு உதவாது என்று ஒதுக்கவும் கூடாது.

நாம் பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறோம். ‘அதற்கான தமிழ்ச்சொல்லை ஏன் அறிய வேண்டும்?’ என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு சொல்லைப் புதிதாக மனப்பாடம் செய்வதற்கும், நாம் வீட்டில் பேசும் சொல்லிலிருந்து அதன் பொருளைக் கண்டுபிடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. கருவையும் கருவறையையும் கதையின் கருவையும் அறிந்த ஒருவருக்குக் கருவாக்கம் அயலான சொல் அன்று. அவர் அதைத் தம் பாட்டிக்கும் விளக்கலாம். பாட்டி கற்கண்டின் நூலைக் காட்டி அதற்கு எடுத்துக்காட்டும் தரலாம். அறிவியலைத் தமிழில் பேச இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

கருத்தறிதல்

1. கருவாக்கத்திற்கும் வளர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்கண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.

2. ‘அணுக்கருவாக்கம்’ என்னும் சொல் ஏன் தவறான பொருளைத் தரக்கூடும்?

3. புகைமூட்டத்தின்போது துகள்கள் மிகுந்திருந்தும் மழை குறைவது எதனால்? காரணங்களை வரிசைப்படுத்தி எழுதுக.

4. சாங்கியில் கடல் உப்பு மிகுதி; ஆனால், தீவின் மேற்குப் பகுதியைவிட மழை குறைவு. இதிலிருந்து மழையைப் பற்றி நீங்கள் அறிவது யாது?

5. ‘வறட்சிக் காலத்தில் மேக விதைப்புக்குச் செலவிடுவதைவிட நீரை மறுசுழற்சி செய்வதே சிறந்தது.’ இக்கருத்தைப் பற்றி உங்கள் நண்பருடன் கலந்துரையாடுக. இரு பக்க வாதங்களையும் குறித்துக்கொள்க.